கவரைப் பிரித்தும் சொல்லாத சிஸ்டர் குணசுந்தரி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் மோசஸ் அவர்களே! காயத்துக்கு ஸ்கேல் வைத்து அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட டாக்டர் துளசிராமன் அவர்களே! சென்னையிலிருந்து அந்த மெஷினை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த பேராசிரியர் பாக்கியநாதன் அவர்களே! முதல் வரிசையில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருக்கும் சிஸ்டரின் தம்பி கலியனே! கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் முடித்து, குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே வந்து நிற்கிற தோழர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் இந்த வெல்டர் ஆதிகேசவனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. சண்டைதான் வரும். கேட் மீட்டிங்கில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. இரங்கல் கூட்டத்தில் எப்படிப் பேசவேண்டும் என்று தலைவர் மோசஸிடம் கேட்டேன். "மெதுவா பேசுண்ணா, அழுவறா மாரி பேசு" என்றார். அழுகிற மாதிரி பேச என்னால் ஆகாது. ஏனென்றால் சிஸ்டர் குணசுந்தரி என்று நினைத்த உடனே எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்த அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு அப்படி!

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், பொன்னேரி பக்கத்து ஆரணி வீட்டில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது. முப்பத்தோரு வருடமாக ஆரணியிலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, எட்டு மணிக்கெல்லாம் நம் தொழிலாளர் மருத்துவமனையில் கட்டுப்போடும் அறையைத் திறந்தவர். உங்களில் எத்தனை பேருடைய கை, எத்தனை பேருடைய கால், அவர் கைப்பட்டுப் பிழைத்தது? ரோலிங் மில்லில் கை மாட்டியவன் யாரிடம் ஓடினான்? ஃபவுண்டரியில் கொதிக்கிற இரும்பு தெறித்தவன் யாரிடம் ஓடினான்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! கீழே இறக்குங்கள், இறக்குங்கள். பாதிக் கூட்டம் அவருடைய கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் நான் பேச வந்தது அந்தக் கட்டுகளைப் பற்றி இல்லை. அந்த மெஷினைப் பற்றி. அந்த மெஷினை வைத்துச் செய்த ஆராய்ச்சியை ஒருவன் கெடுத்தான். அவனைப் பற்றியும் சொல்லவேண்டும்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெல்டிங் பொறி என் ஷூவுக்குள் விழுந்தது. சர்க்கரைக்காரன் கால், உணர்ச்சி கிடையாது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால்தான் தெரிகிறது, உள்ளங்காலில் அரை ரூபாய் அளவுக்கு ஓட்டை. இரண்டு மாதம் ஆறவில்லை. வேறொரு இடத்தில் காட்டினேன். கட்டைவிரலோடு எடுத்துவிடலாம் என்று கத்தரிக்காய் காம்பை நறுக்குவது மாதிரி சொன்னார்கள். பயந்துபோய் நம் சிஸ்டரிடம் வந்தேன்.

பேராசிரியர் ஐயா அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. குளிர் பிளாஸ்மா. பிளாஸ்மா என்றால் நம் ஆட்களுக்குப் புதிதா? வாயுவுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் வருவது. அரை அங்குல இரும்புத் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டுகிறோமே, அது. அதைக் கொண்டுவந்து புண்ணில் காட்டப்போகிறோம் என்றால் எவன் இருப்பான்? நான் போன முதல் நாள் பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தோம். மெஷின் பேரைச் சொன்னதும் ஆறு பேரைக் காணோம். செருப்பைக்கூட எடுக்காமல் போனவன் ஒருவன்!

சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? பேனா மாதிரி இருக்கிற அந்தக் கருவியை எடுத்தார். பட்டனை அழுத்தினார். முனையில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன ஒளி வந்தது, ஊதுவத்தி நெருப்பு அளவுக்கு. தன் சுண்டுவிரலை அதிலே நீட்டினார். "பாரு, சுடல. இது ஆறவச்ச பிளாஸ்மா. வெளிநாட்டுல, நம்ம நாட்டுல, எல்லாம் இத்த வச்சி ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்க. கிருமிய கொல்லும், தோலு வளர தூண்டி வுடும்னு சொல்றாங்க. நெஜமான்னு நாமளும் பாக்கணும். பயமா இருந்தா ஊட்டுக்குப் போ, இல்லனா கால நீட்டு" என்றார்.

நீட்டினேன். ஆனால் அதிலே ஒரு நிபந்தனை இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஒளி. மீதிப் பேருக்கு அதே கருவி, அதே உஸ்ஸென்ற சத்தம், ஆனால் வெறும் வாயு. ஒளி கிடையாது. யாருக்கு எது என்பது மூடின கவரில் இருக்கும். கவரைப் பிரிப்பவர் சிஸ்டர். மெஷினைப் பிடிப்பவரும் சிஸ்டர். கால் தெரியாதபடி நடுவிலே ஒரு திரை. நமக்குத் தெரியக் கூடாது, காயத்தை அளக்கிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தவர் சிஸ்டர் ஒருவர்தான். எல்லோருக்கும் வாரத்தில் மூன்று நாள் சுத்தம் செய்து கட்டுப்போடுவது மட்டும் ஒன்றுபோல நடக்கும்.

நம் ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரேஷன் கார்டு முதல் ஸ்கூல் சீட்டு வரை சிபாரிசிலேயே வளர்ந்தவர்கள் நாம். கவருக்கும் சிபாரிசு பிடித்தோம்! ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்தார். ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர் கட்சிக்காரரிடம் கடிதமே வாங்கி வந்தார், "இவருக்கு ஒளி வழங்கி உதவுமாறு" என்று. சிஸ்டர் அதை வாங்கிப் படித்தார். திருப்பிப் போட்டார். பின்பக்கம் காலியாக இருந்தது. அடுத்த முறை வரவேண்டிய தேதியை அதிலே எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் நாற்காலியைத் தூக்கி அடிக்கக் கூடாது. தலைவரே, பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை போட்டார்கள், கவர் போட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் வந்து படுப்பவன் யார் என்று யோசிக்கவில்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் வெல்டர்கள்! வெல்டிங் ஆர்க் எரிந்தால் மூக்கில் ஒரு காரமான வாசனை ஏறுமே, தோழர்களே, ஓசோன் வாசனை, அது நமக்குத் தெரியாதா? முப்பத்து நான்கு வருடம் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு முன்னால் ஒருவன் உள்ளே போய்விட்டு வந்தான், அறை முழுக்க அந்த வாசனை. அது கலைந்தபின் எனக்குப் பிடித்தபோது? ஒன்றுமில்லை. மூன்று முறை முகர்ந்து பார்த்தேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை.

"இன்னா சிஸ்டர், எனக்கு சொம்மா காத்து வுட்டுக்கினு கீறியா?" என்றேன்.

முகத்தில் ஓர் அசைவு இருக்கவேண்டுமே! "கால ஆட்டாத கேசவண்ணா" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கட்டைவிரல் போகப்போகிற பயம். வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சொன்னேன்: வாசனை வந்தால் ஒளி, வராவிட்டால் காற்று. அவ்வளவு போதாதா? அடுத்த வாரம் காற்றுக்காரர்களில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். வந்தவர்களும் திரைக்கு இந்தப் பக்கம் உஸ் உஸ்ஸென்று மூச்சை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இருபத்திரண்டு நோயாளிகள், ஒன்பது மாத உழைப்பு. அதைக் கெடுத்த மகானுபாவன் உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறான்.

இங்கேதான் நீங்கள் சிஸ்டர் குணசுந்தரியைப் பார்க்கவேண்டும். டாக்டருக்கு விஷயம் தெரியாது. பேராசிரியருக்குத் தெரியாது. ஏழு பேர் வேலை மாறிப் போய்விட்டார்கள், ஊருக்குப் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆராய்ச்சி முடிந்திருக்கும். பெயர் வந்திருக்கும். ஒளி வாங்கியவர்களுக்குப் புண் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது வேறு! அவர் என்ன செய்தார்? அன்றைக்கே பதிவேட்டில் எழுதினார்: நோயாளிகள் வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள், இந்தக் கணக்கு செல்லாது. எழுதிவிட்டு பேராசிரியருக்குப் போன் போட்டார்.

பேராசிரியர் ஐயா, மன்னிக்கவேண்டும், அன்றைக்குப் போனில் நீங்கள் கத்திய கத்தல் மருந்துக் கடை வரைக்கும் கேட்டதாம். "ஒன்பது மாசம் போச்சே" என்றீர்களாம். "போவட்டும் சார். பொய்யா ஒரு நல்ல சேதி சொல்றதுக்கு, நெஜமா ஒண்ணும் தெரியலன்னு சொல்லலாம். இத்த நம்பி நாளைக்கு எத்தினி பேரு கால நீட்டுவான்?" என்றாராம் சிஸ்டர். அந்தப் பதிவேட்டில் என் பெயரை அவர் எழுதவில்லை. "வெல்டர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறேன். கம்பெனி கேட்டில் சிஸ்டர் நிற்கிறார். செத்தேன் என்று நினைத்தேன். முன்னூறு பேர் பார்க்க நம் மானம் போகப்போகிறது என்று சைக்கிள் ஷெட் பக்கம் ஒதுங்கினேன். விட்டாரா?

"எங்க ஓடுற? உன் மூக்கு நல்ல மூக்கு கேசவண்ணா. மெஷின் செஞ்ச ஆளுக்கே தெரியாதத கண்டுபுடிச்சிக்கீது. அத்த இட்டுக்கினு வா, வேலை கீது" என்றார்.

என்ன வேலை? வாசனையை ஒளித்துவைக்கிற வேலை! என்னோடு இன்னும் நாலு வெல்டர்கள். ஐந்து பேரையும் திரைக்குப் பின்னால் கண்ணைக் கட்டி உட்காரவைத்தார்கள். புது ஏற்பாடு இதுதான்: இரண்டு வகையிலும் ஒளி எரியும். ஒரு வகையில் அது காலில் படும். இன்னொரு வகையில் பக்கத்திலே ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் எரியும், காலில் வெறும் வாயு மட்டும் படும். வாசனை எல்லோருக்கும், ஒளி பாதிப் பேருக்கு. நாங்கள் முகர்ந்து முகர்ந்து சொல்லவேண்டும், எது எது என்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை! வீட்டில் எங்கே போகிறாய் என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்கு மோப்பம் பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு ஞாயிறும் ஆளுக்கு இருபது தடவை, மொத்தம் நூறு பதில். முதல் ஞாயிறு எண்பது சரியாகச் சொன்னோம். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். குப்பியை நகர்த்தினார்கள், ஃபேனைத் திருப்பினார்கள். கடைசி ஞாயிறு நூற்றில் ஐம்பத்திரண்டுதான் சரி. காசைச் சுண்டிப்போட்டுச் சொன்னாலும் அவ்வளவு வரும். ஐந்து பேரும் தோற்றுப்போனோம்! சிஸ்டர் கைதட்டிச் சிரித்தார் பாருங்கள், எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரைக்காரன் என்று எனக்கு மட்டும் பாதிப் பொட்டலம்.

சரி, என் கால்? நான்தான் கணக்கில் இல்லையே, இனிமேல் எனக்கு ஒளி காட்டலாமே என்று கேட்டேன். கெஞ்சினேன். "ஆராய்ச்சிக்கு வெளிய யாருக்கும் கெடையாது. நல்லதா கெட்டதான்னே இன்னும் முழுசா தெரியல, ஒனக்கு எப்டி காட்டுவேன்?" என்றுவிட்டார். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் கட்டு. இரும்பு மூக்கு வைத்த ஷூவுக்குத் தடை. மெத்தென்ற செருப்புக்கு டாக்டரிடம் சீட்டு. டீக்கடையில் நான் ஜாங்கிரி தின்றால் ஒரு மணி நேரத்தில் அவருக்குச் செய்தி போய்விடும், உளவாளிகள் அப்படி! பேஜாருதான். ஐந்தாவது மாதம் புண் மூடிக்கொண்டது. இதோ நிற்கிறேன், பத்து விரலோடு.

தோழர்களே, இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒளி கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஐந்தாவது மாதம் புண் மூடியிருக்கும். நான் என்ன செய்திருப்பேன்? "ஒளிதான் காப்பாத்துச்சு" என்று கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் மைக் கட்டிக் கத்தியிருப்பேன். அது பொய் என்று எனக்கே தெரிந்திருக்காது. நீங்களும் நம்பியிருப்பீர்கள். பாதிப் பேருக்கு ஏன் வெறும் காற்று என்பது புண் மூடிய அன்றைக்குத்தான் இந்த மரமண்டைக்கு ஏறியது. ஒளியால் ஆறுகிறதா, ஒழுங்காகக் கட்டுப்போட்டால் ஆறுகிறதா, இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமா? இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

புது ஆராய்ச்சி ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. தொண்ணூற்றாறு பேர். எழுபத்தொரு பேர் முடித்துவிட்டார்கள். இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் இருபத்தைந்து பேர்.

அந்த இருபத்தைந்தில் ஒருவன் இதோ உட்கார்ந்திருக்கும் கலியன். சிஸ்டருக்கு ஒரே தம்பி. குதிகாலில் புண். அவனுடைய கவரையும் பிரித்தவர் சிஸ்டர்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. தினம் கேட்பானாம், "யக்கா, எனக்கு லைட்டா, காத்தா?" என்று. "ஒனக்குக் கொழம்பு. சோறு ஆறுது, துன்னு" என்பாராம். ஆறு வாரம் கேட்டிருக்கிறான். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தானாம். வாயைத் திறந்தாரா? மாட்டார்!

நடுவிலே ஒரு வாரம் அவன் புண் கொஞ்சம் பெரிதானது. அன்றைக்குச் சிஸ்டர் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். அவரோடு வேலை பார்க்கும் ஜெனிபர் சிஸ்டர் சொன்னார். உடனே, அழுதார் என்றால் காற்றுதான் என்று கணக்குப் போடாதீர்கள். ஒளி காட்டியும் பெரிதானால் அழுகை வராதா? எதுவாக இருந்தாலும் ஒரு அக்காவுக்கு வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த ஆளின் கவரில் என்ன இருந்ததோ அதைச் செய்தார். யாருக்காவது புண் எல்லை மீறினால் டாக்டர் நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்ப்பார் என்பது விதி. கலியனுக்கு அந்த எல்லை வரவில்லை. வராதவரை அவர் விதியைத் தாண்டவில்லை. சொந்தத் தம்பிக்கே தாண்டவில்லை! இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை ஐயா. நினைத்தால் சிரிப்பு வருகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். இந்த இடத்தில் மட்டும் வரவில்லை.

ஒரு நிமிடம். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டர் போனபின் திங்கள், புதன், வெள்ளி என்று ஆறு முறை சிகிச்சை நாள் போய்விட்டது. இருபத்தைந்து பேரில் வந்தவர்கள் ஆறே பேர். மற்றவர்கள் எங்கே? "அந்தம்மா கை இல்லாம ஆறாது" என்று வீட்டில் படுத்திருக்கிறார்கள். சிலர் ஜெனிபர் சிஸ்டரைத் தனியாகப் பிடித்து, "அவங்கதான் பூட்டாங்களே, இனிமேலாவது எது எனக்குன்னு சொல்லு, காத்துன்னா நான் வரல" என்று கேட்கிறார்கள். வாழைத்தார் மறுபடியும் வந்திருக்கிறது! ஏழாவது முறையும் வராதவர்கள் பெயரை அடித்துவிடவேண்டும் என்று டாக்டர் துளசிராமன் சொல்கிறார். ஏழாவது முறை எது? நாளைக்கு. திங்கட்கிழமை. பத்தொன்பது பெயர் அடிபட்டால் இந்த ஆராய்ச்சியும் செல்லாது. ஒருமுறை நான் கெடுத்தேன். அது என் முட்டாள்தனம், மறுபடி கட்டி எழுப்ப அவர் இருந்தார். இன்னொரு முறை கெட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்தப் பத்தொன்பது பேரில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். எனக்கு முகம் தெரியும். படத்துக்கு மாலை போடுகிறீர்கள், கும்பிடுகிறீர்கள், அழுகிறீர்கள். மாலையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? காலைக் கொண்டுவாருங்கள் ஐயா, காலை!

இன்றைக்குக் காலையில் கலியன் என் வீட்டுக்கு வந்தான். ஆரணியிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி, நொண்டிக்கொண்டு வந்தான். துக்கத்தில் அவனும் ஆறு முறை போகவில்லை. யாருக்கு எது என்ற பதிவேடு இப்போது ஜெனிபரிடம் இருக்கிறது. அவனுக்காகக் கேட்டுச் சொல்லச் சொல்லி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அவன் கேட்டிருந்தால் நானே போய்க் கேட்டிருப்பேன். அக்காவைப் பறிகொடுத்தவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

அவன் கேட்கவில்லை. "நாளைக்கு மொத ஆளா போய் ஒக்காரப் போறேண்ணா. எங்கக்கா சொல்லாதத வேற யாரு வாயாலயும் நான் கேக்க மாட்டேன். எது குடுத்துக்கினு இருந்துச்சோ அதையே குடுக்கட்டும்" என்றான்.

எழுந்திரு கலியா. நிற்க வேண்டாம், கையை மட்டும் தூக்கு. எல்லோரும் பார்க்கட்டும். அவனோடு யார் யார்? ஒன்று, இரண்டு... கூச்சப்படாமல் தூக்குங்கள். பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் யார், பாக்கியராஜா? தூக்கு ஐயா. பதினொன்று, பன்னிரண்டு. வராதவர்கள் வீட்டுக்கு இன்றைக்கே சங்கத்து வண்டி போகும், நானே ஏறிப் போகிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த அறைக் கதவைத் திறக்கும்போது பெஞ்சில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இது இந்தத் தொழிற்பேட்டை உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு, சிஸ்டர். முடிவு நல்லதாக வந்தாலும் ஏற்றுக்கொள்வோம், இல்லையென்று வந்தாலும் உள்ளபடி சொல்வோம்.

உங்கள் தம்பிக்கு எந்தக் கவர் என்று நாங்கள் யாரும் கேட்க மாட்டோம்.